சின்னக் கடைக்கு நெட்வொர்க் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை. மதியச் சாப்பாட்டுக்கு அணைத்துவிட்டுப் போகும் பில்லிங் கம்ப்யூட்டர்களைத் திரும்ப ஆன் செய்தால் ஒன்றிரண்டில் டேலி கணக்கு சாஃப்ட்வேர் திறக்காது, சர்வர் கிடைக்கவில்லை என்று நிற்கும். கேபிளை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். நான் போய், மக்கர் செய்த கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்ணைப் பார்த்தேன், 192.168.0.105. சர்வர் இருப்பதோ 192.168.1 வரிசையில், வரிசை வேறானால் ஒன்று இன்னொன்றைக் கண்டுபிடிக்காது. மாடிக்கு ஏறிப் பார்த்தால், வைஃபை சரியாக எட்டவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ரவுட்டர் ஒன்று, கீழேயிருந்து வரும் வயர் அதன் லேன் போர்ட்டில். மெயின் ரவுட்டரும் முகவரி கொடுக்கிறது, இதுவும் கொடுக்கிறது, எது முந்துகிறதோ அதன் பேச்சைத்தான் கம்ப்யூட்டர் கேட்கும்.

முகவரி கொடுக்கும் வேலையை ஒரே பெட்டிதான் செய்ய வேண்டும். பழைய ரவுட்டரை வைஃபைக்காக மட்டும் வைப்பதானால் அதில் டிஎச்சிபி என்ற முகவரி கொடுக்கும் வசதியை அணைத்து, அதற்கென்று வேறு யாருக்கும் இல்லாத ஒரு முகவரியைக் கொடுத்துவிடுங்கள். பிரின்டருக்கும் சர்வருக்கும் முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. "எல்லாம் ஒண்ணா இருக்கணும் சார்" என்று முதலாளிகள் கேட்பார்கள், நியாயம்தான், ஆனால் அவர்கள் கேட்பது எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கவும் சரிசெய்யவும் முடிய வேண்டும் என்பதை. நாம் என்ன செய்கிறோம் என்றால் கணக்குக் கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி, ஊழியர்களின் போன், துணி எடுக்க வந்தவரின் போன் எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சில் சேர்த்துவிட்டு வந்துவிடுகிறோம். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரம் போனது, ஏசி வேலைக்கான ஒப்பந்தக்காரரிடம் திருடிய பாஸ்வேர்டை வைத்துத்தான் உள்ளே நுழைந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே ஒரு மூலையில் நுழைந்தவன் பில்லிங் மெஷின் வரை போக முடிந்தது. அப்புறம் 2016-இல் மிராய் என்ற நாச மென்பொருள் வந்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர் என்ற கேமரா பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துப் போட்டது.

சின்னக் கடைக்கு மூன்று பிரிவு போதும்: கணக்கும் பில்லிங்கும் ஒன்று, கேமரா ஒன்று, போன்களுக்கான வைஃபை ஒன்று. விலான், அதாவது ஒரே ஸ்விட்ச்சை உள்ளுக்குள் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வசதி, போட முடிகிற ஸ்விட்ச்சும் அதற்கேற்ற ரவுட்டரும் வாங்குங்கள். இங்கேதான் கைதேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். விலான் பிரித்துவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்ற விதியை ரவுட்டரில் எழுத மறந்துவிடுவார்கள், பல ரவுட்டர்கள் சும்மா விட்டால் எல்லாப் பிரிவையும் தாமாகவே இணைத்துவிடும். சாதா ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையும் அப்படித்தான், வந்தவர் போனை உள் நெட்வொர்க்குக்கு விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை, ஆனால் சிலவற்றை வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றியதும் அந்தத் தடுப்பு வேலை செய்யாது. ஆகவே வேலை முடிந்ததும் கெஸ்ட் வைஃபையில் உங்கள் லேப்டாப்பை இணைத்து சர்வருக்கும் பிரின்டருக்கும் டிவிஆருக்கும் பிங் கட்டளை அடித்துப் பாருங்கள், பதில் வந்தால் வேலை முடியவில்லை.

அடுத்து, வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பார்கள். உடனே ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலைத் திறந்து, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இணையம் முழுக்கத் திறந்த போர்ட்டைத் தேடி ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நம்பரை 3390 என்று மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். விபிஎன் என்ற பூட்டிய பாதை வழியாக மட்டும் உள்ளே வரட்டும், வயர்கார்டு மாதிரி இலவசமாகவே கிடைக்கிறது.

பேக்கப்பும் எடுக்கிறார்கள், சர்வரில் எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட்டிஸ்கில். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சர்வரைப் பூட்டும்போது அந்த டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. சரி, பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒரு தடவை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து நேற்றைய பில் தெரிகிறதா என்று திறந்தே பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ரவுட்டர் பாஸ்வேர்ட் அதைப் போட்டுக் கொடுத்தவருக்கு மட்டும் தெரியும், அவர் போன் எடுக்கவில்லை என்றால் ரீசெட் பட்டனைத் தவிர வழியில்லை. ஈரோட்டுக் கடையில் ஒரே தாளில் எந்த வயர் எங்கே போகிறது, எந்தப் பெட்டிக்கு என்ன முகவரி, என்ன பாஸ்வேர்ட் என்று எழுதி முதலாளி அம்மாவிடம் கொடுத்தேன். கல்லாவில் வேண்டாம், வீட்டு பீரோவில் வையுங்கள் என்றேன்.