தடைக்கால நோட்டீஸில் தேதியை மட்டும் தடிமனாக்குவது எப்படி?

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் மீன் இறங்குதளங்களில் ஒட்டும் மீன்பிடித் தடைக்கால நோட்டீஸை நின்று படிப்பவர்கள் குறைவு. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் கண்ணில் பட வேண்டியவை இரண்டே: 'ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை' என்ற தேதியும், 'விசைப்படகுகளுக்கு' என்ற சொல்லும். மிச்சமெல்லாம் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். பக்கம் முழுவதையும் போல்டாக்கினால் எதுவுமே எடுத்துத் தெரியாது.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்துச் செயலியில் முதலில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடியுங்கள். பிறகுதான் அலங்காரம். ஒரு சொல்லின் மேல் இரண்டு கிளிக் செய்தால் அந்தச் சொல் தேர்வாகும்; மூன்று கிளிக்கில் வாக்கியம், நான்கில் பத்தி. வேர்டில் மூன்று கிளிக்கே பத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும், பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். தேதி மேலேயும் 'விசைப்படகுகளுக்கு' கீழேயும் இருந்தால், முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கன்ட்ரோலை அழுத்தியபடி இரண்டாவதன் மேல் மவுஸை இழுங்கள். இரண்டும் தேர்வில் நிற்கும்; தடிமனாக்க ஒரே கன்ட்ரோல்+பி போதும். அப்போது கை தவறி வேறு எழுத்தைத் தட்டினால் தேர்ந்தெடுத்தது அழிந்துவிடும். உடனே கன்ட்ரோல்+இசட் அழுத்தி மீட்டுவிடுங்கள்.

'விசைப்படகு' வரை தடிமனாக்கி 'களுக்கு' என்பதை மெலிதாக விடாதீர்கள். சொல் ஒடிந்ததுபோல் இருக்கும்.

சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருளே நேர் எழுத்தைச் சாய்த்துக் காட்டும், பார்க்க விகாரமாக இருக்கும். அடிக்கோடு போட்டால் 'கு', 'ரு', 'மூ' ஆகியவற்றின் கால்களைக் கோடு வெட்டும். அளவைக் கூட்டுவதே நல்லது: உடல்பகுதி 14 புள்ளி என்றால் தேதி 24.

எழுத்துருவை மாற்றியதும் தமிழ் போய் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து வருகிறதா? அந்தப் பகுதி பாமினியில் அடித்தது. பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் பழைய முறை. கன்ட்ரோல்+இசட் செய்துவிட்டு, யூனிகோடுக்கு (தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு தரும் பொதுமுறை) மாற்றிய பிறகு தொடருங்கள். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: யூனிகோடு வரிக்குப் பாமினியைக் கொடுத்தால் அதில் அந்தத் தமிழ் எழுத்துகளே இல்லாததால், கணினி வேறொரு எழுத்துருவை எடுத்து ஒப்பேற்றிவிடும். பெயர் மாறும், உருவம் பாமினியாக வராது.

அலங்காரம் சிக்கலாகிவிட்டால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, ரைட்டரில் கன்ட்ரோல்+எம், வேர்டில் கன்ட்ரோல்+ஸ்பேஸ். எழுத்து அப்படியே இருக்கும், பூச்சு மட்டும் போகும்.

அதே அறிவிப்பைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டும்போது போல்டு வராது. அங்கே தேதியின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி வையுங்கள்: *ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை*. குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குறி குறியாகவே நிற்கும். தேதி இரண்டு வரியாக உடைந்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ஜோடி வேண்டும்.