பூச்சிமருந்து ஆலையில் சேருமுன் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனை

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியைப் போன்ற தோட்டப்புற நகரத்தில் வளர்ந்து, பூச்சிமருந்து கலக்கும் ஆலையில் வேலைக்குச் சேரவிருப்பவர், மருந்து உடம்பில் எப்படிச் சேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. டிடிடி என்னும் பழைய பூச்சிமருந்து கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளோ பெரும்பாலும் சில நாள்களில் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆனால் போவதற்குள் நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்கிவிடுகின்றன. சிவப்பணுவிலுள்ள அந்நொதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான் மீள்கிறது என்பதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் மருந்து படும்போது, எந்த அறிகுறியும் இல்லாமலே பாதிப்பு ஏறிக்கொண்டே போகும்.

இந்நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். இயல்பாகவே அளவு கூடுதலாக உள்ளவர், அதில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிறகும் அறிக்கையில் ‘நார்மல்’ என்றே வரலாம். ஆகவே, மருந்தைத் தொடுமுன், இயன்றால் 30 நாள் மருந்து வாடையே படாமல் இருந்து, இரத்தப் பரிசோதனையில் இந்நொதியின் முதல் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் அப்பாவின் செம்பனைக் காட்டில் மருந்தடிப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பிந்தைய சோதனைகளையும் அதே ஆய்வகத்திலேயே செய்துகொள்ளுங்கள். முறை மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. முதல் அளவை 100 என்று வைத்தால், 80க்கு இறங்கும்போது கையுறை, காற்றோட்டம், வேலைமுறை ஆகியவற்றை ஆராய வேண்டும். சிவப்பணுவிலுள்ள நொதியின் அளவு 70க்கு வந்தால் அந்த வேலையிலிருந்து விலகி, மீண்டும் 80ஐ எட்டிய பின்னரே திரும்ப வேண்டும்.

மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படும் வேலைகளுக்கு, மலேசியாவின் 2000ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகளின்படி 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் முதலாளியின் செலவில் பரிசோதனை நடக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் நகல் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பிற்பாடு சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இழப்பீடு கோர நேர்ந்தால், அந்த நகல்கள் கைகொடுக்கும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளை இது காட்டாது. கார்பமேட் வகை மருந்தில் நொதி விரைவில் மீண்டுவிடுவதால், மருந்து பட்ட அன்றே இரத்தம் எடுக்க வேண்டும்.

முகக்கவசத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள் தோலை மறந்துவிடுகிறார்கள். நனைந்த காற்சட்டையோடு நாள் முழுதும் நிற்பவருக்கு, முன்கையைவிடத் தொடையிடுக்கு வழியாகவே மருந்து பன்மடங்கு எளிதாக உள்ளே செல்லும். ஆலையிலேயே குளித்து உடை மாற்றுங்கள். வேலை உடையைப் பிள்ளைகளின் துணியோடு ஊறவைக்காதீர்கள். பார்வை மங்கி, வாயில் நீர் ஊறி, வியர்த்து, நெஞ்சு இறுகினால், சோதனைத் தேதிக்குக் காத்திராமல், மருந்துப் புட்டியின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.