யெப்தாவின் மகளை வைத்துக் கீழ்ப்படிதல் பாடம் நடத்தாதீர்கள்

மே மாதம் வந்தால் எங்கள் பக்கம் சபைக்குச் சபை வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ படிக்கும் காலேஜ் பிள்ளைகள்தான் ஊருக்கு வந்து பாடம் எடுப்பார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பாட்டு சுதி பிசகுவது, நேரம் ஓடிவிடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். வேதத்தில், அதாவது பைபிளில் உள்ள சங்கடமான கதைகளைச் சொல்வதில்தான், நாங்கள் அந்த வயதில் செய்த அதே கூத்து இன்னும் நடக்கிறது.

வேதத்தில் இருந்தால் தேவனுக்குப் பிரியம் என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராதது இதில்தான். நியாயாதிபதிகள் புத்தகம் 11இல் இஸ்ரவேலின் தலைவன் யெப்தா, எதிரிகளான அம்மோனியரை ஜெயித்துத் திரும்பினால் வீட்டு வாசலிலிருந்து எதிரே வருவதை, முழுவதும் எரிக்கும் சர்வாங்க தகனபலியாகச் செலுத்துவேன் என்று பொருத்தனை பண்ணுகிறான், அதாவது நேர்ந்துகொள்கிறான். ஆடிப் பாடிக்கொண்டு எதிரே வந்தது அவனுடைய ஒரே மகள்.

சாத்தான்குளம் பக்கம் ஒரு சபையில் புதிதாக வந்த தம்பி இதைப் பாடமாக்கினார். படம் ஒட்டி, மனப்பாட வசனம் கொடுத்து, கடைசியில், “அந்த அக்கா மாதிரி அப்பா சொன்னதுக்குச் சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்றார். தூக்கினார்கள். முன்னால் இருந்த ஒரு பிள்ளை மட்டும், “எங்கம்மாவும் என்னய நேந்திருக்காவ அண்ணே. என்னயும் எரிச்சிருவாவளா?” என்று கேட்டது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகப் பொருத்தனை செய்யும் வீடுகள் நம் ஊரில் கொஞ்சமா? தம்பி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

நிதானமாகப் படித்தால் தெரியும், இந்தப் பொருத்தனையைத் தேவன் கேட்கவே இல்லை. கர்த்தருடைய ஆவி யெப்தாவின்மேல் இறங்கியதை 29ஆம் வசனமே சொல்லிவிடுகிறது. பேரம் அதற்கு அப்புறம் அவனாகப் பேசியது. பிள்ளைகளை நெருப்பில் சுட்டெரிப்பதைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று உபாகமம் 12:31 சொல்கிறது. ஆளை நேர்ந்திருந்தால் மதிப்புத் தொகை கட்டலாம், 5 முதல் 20 வயதுப் பெண்ணுக்கு 10 சேக்கல் வெள்ளி என்று லேவியராகமம் 27 ரேட்டே போட்டிருக்கிறது. யெப்தா அதைத் தேடவில்லை. நீ என்னைக் கலங்கப்பண்ணுகிறாய் என்று மகள்மேலேயே பழியைப் போடுகிறான். இஸ்ரவேலின் பெண்கள் வருஷத்துக்கு 4 நாள் அவளுக்காகப் புலம்பினார்கள் என்றுதான் அத்தியாயம் முடிகிறது. களவை எழுதிவைக்கிற ஏட்டையா களவுக்கு உடந்தையா?

விசுவாச வீரர்களைப் பட்டியல் போடும் எபிரெயர் 11இல் யெப்தா இருக்கிறானே என்று உடனே ஒருவர் எழுந்திருப்பார். இருக்கிறான், சிம்சோனும் இருக்கிறான். அங்கே பொருத்தனையைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் சாகவில்லை, கன்னியாகவே வாழ்ந்தாள் என்று ஒரு விளக்கமும் உண்டு. சொல்வதானால் விளக்கம் என்றே சொல்லுங்கள்.

தாவீதுக்கு வக்கீலாவது

பத்சேபாள் குளித்ததால் வந்த வினை என்று ஆரம்பிப்பார்கள். மாடியில் உலாவியது தாவீது. ஆளனுப்பி அழைத்தது தாவீது. அவள் புருஷன் உரியாவின் சாவுக்கான கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பியதும் தாவீதுதான். அவன் செய்தது கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது என்று 2 சாமுவேல் 11 முடிகிறது. தங்கள் ராஜாவின் அசிங்கத்தை அந்த ஜனமே எழுதிவைத்திருக்கும்போது நாம் எதற்குப் பூசி மெழுக வேண்டும்?

வயது பாராமல் எடுப்பது

ஒரு பெண்ணை ஊர்க் கும்பல் சாகும்படி சீரழித்த நியாயாதிபதிகள் 19 வி.பி.எஸ்.ஸுக்கு வேண்டாம்.

பெரியவர்களிடமும் மறைப்பது

அதே 19, பெண்கள் ஐக்கிய சங்க வேதபாடத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

கானான் யுத்தத்துக்கும் இதே பதில்

தேவன் கேட்கவே இல்லை என்ற பதில் இங்கே செல்லாது. எரிகோவிலும், 1 சாமுவேல் 15இல் அமலேக்கியர் விஷயத்திலும் எல்லாரையும் கொல்லச் சொல்லும் கட்டளை கர்த்தர் பேரிலேயே இருக்கிறது. அந்தக் காலப் போர்ச் செய்திகளில் மிகைப்படுத்துவது வழக்கம் என்பார்கள். அது உண்மைதான். மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டு இஸ்ரவேல் அடியோடு அழிந்தது என்கிறது, அழியவில்லை. நியாயாதிபதிகள் 1இலும் கானானியர் அங்கேயே குடியிருக்கிறார்கள். ஆனாலும் கட்டளை கட்டளைதானே என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்டால், எனக்கும் அந்த இடம் உறுத்துகிறது என்று சொல்லி அவனோடு உட்கார்ந்து அதைத் திரும்பப் படியுங்கள். ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேள் என்று தள்ளிவிடாதீர்கள். ஐயர் சபை விருந்தான அசனத்துக்கு அரிசிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.