ஆஷின் கோட்டுச் சோதனையை வகுப்பில் நடத்துவது எப்படி

இணக்கம் (கூட்டத்தோடு ஒத்துப்போவது), பிறழ்வு (கூட்டத்திலிருந்து விலகுவது), சமூகக் கட்டுப்பாடு (விலகுபவரைக் கூட்டம் அடக்குவது) ஆகிய மூன்றையும் ஒரே மதியத்தில் மாணவர்களுக்குக் காட்ட, சமூக உளவியலாளர் சாலமன் ஆஷின் கோட்டுச் சோதனை போதும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும்போது, முன்பே பேசிவைத்த கூட்டாளிகள் வேண்டுமென்றே தவறான விடை சொல்வார்கள்; விஷயம் தெரியாத ஒரே ஒரு பங்கேற்பவர் அவர்களோடு ஒத்துப்போகிறாரா என்று பார்ப்பதுதான் சோதனை. 1951இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனைக்குத் தேவை கொஞ்சம் அட்டையும் மார்க்கரும்தான். அப்படியும் பல வகுப்புகளில் இது சொதப்புகிறது. குறை பெரும்பாலும் நடிக்கும் கூட்டாளிகளிடம் இருக்கும்.

மொத்தம் 18 சுற்றுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்டைகள்: ஒன்றில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு, மற்றதில் 1, 2, 3 என எண்ணிட்ட மூன்று கோடுகள். மூன்றில் ஒன்று மட்டும் முதல் கோட்டுக்குச் சமம். ஆஷின் ஒரு சுற்றில் மாதிரிக் கோடு 10 அங்குலம், மற்றவை 8¾, 10, 8 அங்குலம். வித்தியாசத்தை முக்கால் அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். குறைத்தால் பங்கேற்பவருக்கு உண்மையிலேயே சந்தேகம் வரும்; அப்புறம் நீங்கள் அளப்பது கண்பார்வையைத்தான், கூட்டத்தின் அழுத்தத்தை அல்ல. அதைச் சரிபார்க்க, பத்துப் பேருக்கு அட்டைகளைத் தனித்தனியாகக் காட்டி விடையை எழுதி வாங்குங்கள். ஆஷிடம் தனியாக எழுதியவர்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே தவறினார்கள். உங்களிடம் அதற்கு மேல் போனால் அட்டையைத் திரும்ப வரையுங்கள்.

ஏற்கெனவே பேசிவைத்த கூட்டாளிகள் ஆறு பேர் போதும். எதிரே ஒருவர் மட்டும் இருந்தபோது ஆஷிடம் தவறுகள் 3.6 சதவீதம், இருவர் என்றால் 13.6, மூவர் என்றால் 31.8. அதற்கு மேல் ஆள் சேர்த்துப் பெரிய பலன் இல்லை. ஆறு பேர் என்பது ஒருவர் வராமல் போனாலும் சமாளிப்பதற்காக. கூட்டாளிகளில் சீனியரோ ஆசிரியரோ இருக்கக் கூடாது. இருந்தால் அது சமமானவர்களின் அழுத்தமாக இருக்காது, மரியாதைக்குப் பணிவதாகிவிடும். பங்கேற்பவரின் நண்பர்களும் வேண்டாம். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

பங்கேற்பவரை வேறு துறையிலிருந்து அழையுங்கள். உளவியலோ சமூகவியலோ படிப்பவர் இந்தச் சோதனையைப் பாடத்திலேயே பார்த்திருப்பார். கல்லூரி அனுமதி, பங்கேற்பவரின் சம்மதம் இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். ஆள் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

நாற்காலிகளை ஒரே வரிசையில் போட்டு, கடைசிக்கு முந்தையதைக் காலியாக விடுங்கள். கூட்டாளிகள் முன்பே உட்கார்ந்திருந்தால் பங்கேற்பவர் தானாக அங்கே வந்துவிடுவார். கடைசி இடம் கொடுத்தால் ஏதோ ஏற்பாடு என்று தோன்றும். “இது நீளத்தைக் கண்ணால் மதிப்பிடும் சோதனை, வரிசையாக உரக்கச் சொல்லுங்கள்” என்பது மட்டும் அறிவிப்பு. முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். மூன்றாவதிலிருந்து 12 சுற்றுகளில் கூட்டாளிகள் எல்லோரும் ஒரே தவறான எண்ணைச் சொல்ல வேண்டும். மீதி நான்கை நடுநடுவே சரியாகச் சொல்லவிடுங்கள், இல்லையென்றால் சந்தேகம் வரும். முதலில் உட்காருபவர் மட்டும் விடை வரிசையை நோட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் அவரையே பின்தொடரட்டும்.

இரண்டு முறையாவது ஒத்திகை பாருங்கள். தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: யாராவது சிரிப்பது, தவறான எண்ணை அழுத்திச் சொல்வது, பங்கேற்பவரின் முகத்தை எட்டிப் பார்ப்பது. பில் தொகையைச் சொல்வது போல ஒரே குரலில் சொல்லப் பழக்குங்கள். அட்டை காட்டும் நீங்களும் தலையாட்டக் கூடாது.

முடிந்ததும், உண்மையை உடைப்பதற்கு முன், மற்றவர்கள் இல்லாமல் பங்கேற்பவரிடம் தனியாகப் பேசுங்கள். “மற்றவர்கள் சொன்னதைக் கேட்டபோது என்ன நினைத்தீர்கள்?” என்று கேட்டால் போதும். ஒருவர் தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பியிருப்பார். இன்னொருவர் விடை தெரிந்தும் தனித்துத் தெரியக் கூடாதென்று ஒத்துப்போயிருப்பார். தாளில் இரண்டும் ஒரே தவறுதான், ஆனால் சமூகவியலுக்கு வெவ்வேறு சங்கதி. பிறகு எல்லாவற்றையும் அப்போதே விளக்கிவிடுங்கள். ஒத்துப்போனவரைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள்.

கணக்கில் கூட்டாளிகள் தவறாகச் சொன்ன 12 சுற்றுகளை மட்டும், அதிலும் கூட்டத்தின் எண்ணையே சொன்ன தவறுகளை மட்டும் சேருங்கள். ஆஷிடம் அது சுமார் 37 சதவீதம். ‘மனிதர்கள் ஆட்டுமந்தை’ என்று இதைப் போதிப்பது சோம்பேறித்தனம். மீதி 63 சதவீதம் கூட்டத்துக்கு எதிரான விடைகள். நான்கில் ஒருவர் ஒரு தடவைகூடப் பணியவில்லை. உங்கள் கணக்கு பூஜ்யமாக வந்தாலும் சோதனை கெட்டதென்று அர்த்தமில்லை. 1980இல் பிரிட்டனில் பெரின், ஸ்பென்சர் என்ற ஆய்வாளர்கள் அறிவியல், பொறியியல் மாணவர்களை வைத்து நடத்தியபோது 396 சுற்றுகளில் ஒரே ஒரு தடவைதான் இணக்கம் தெரிந்தது.

நேரம் இருந்தால் இரண்டு மாற்றங்களைச் செய்யுங்கள். கூட்டாளி ஒருவரைச் சரியான விடை சொல்லவிடுங்கள். ஆஷிடம் இணக்கம் கால்பங்காகச் சரிந்தது. கூட்டத்தின் பலம் தலைக்கணக்கை விட ஒருமித்த குரலில் இருப்பது அப்போது தெரியும். அடுத்தது தலைகீழ்: விஷயம் தெரியாத முழு வகுப்பில் ஒரு கூட்டாளி மட்டும் தவறாகச் சொல்லட்டும். ஆஷ் 16 பேரை வைத்து இப்படிச் செய்தபோது அவர்கள் சிரித்தார்கள். தடியும் சட்டமும் இல்லாத கட்டுப்பாடு இந்தச் சிரிப்புதான். அது எந்தச் சுற்றில் தொடங்குகிறது, யார் தொடங்குகிறார், கூட்டாளி பேசும்போது மற்றவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று குறிக்க ஒரு மாணவரைப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். அவருக்கும் முன்கூட்டியே காரணத்தைச் சொல்ல வேண்டாம்.