ஆட்டு வைரஸ், மாட்டு வைரஸ் என்று பிரிக்கலாமா?

வன்னியில் பட்டி மாடும் ஆடும் ஒரே தரவையில் மேய்ந்து ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கின்றன. ஆனாலும் "அது ஆட்டு வருத்தம், மாட்டுக்கு வராது" என்ற பேச்சு பட்டிக்காரரிடமும் இருக்கிறது, கால்நடை மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளிடமும் இருக்கிறது. முதலில் விட வேண்டிய தவறு இதுதான். எந்த மிருகத்தில் கண்டெடுத்தோம் என்பதை வைத்து வைரஸின் இனத்தைச் சொல்ல முடியாது. அதன் மரபணு வரிசையைப் படித்தால்தான் யாருக்கு யார் உறவு என்பது தெரியும்.

இந்தப் பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்று எங்கள் பக்கம் பார்த்திருக்கிறது. 1987இல் இந்திய அமைதிப்படையின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடுதான் மாட்டுக் கொள்ளைநோய் இலங்கைக்குள் திரும்ப வந்து, வடக்கு கிழக்கு மாடுகளைத் தாக்கியது. 2011இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தது. அதன் நெருங்கிய உறவான ஆட்டுக் கொள்ளைநோய் வைரஸ் இன்னும் உலகில் இருக்கிறது. அது மாட்டிலும் தொற்றும், ஆனால் மாடு பெரும்பாலும் நோய்க்குறி எதையும் காட்டாது.

2020இல் வடக்கில் பரவிய, மாட்டின் தோலில் கட்டிகளை எழுப்பும் தோல்கழலை நோயும் அப்படித்தான். அதை உண்டாக்கும் வைரஸும் செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மை வைரஸ்களும் மரபணுவில் ஏறக்குறைய 97 வீதம் ஒன்று. இந்தியாவில் வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போட்டதும் இந்த நெருக்கத்தை நம்பித்தான். அதேவேளை, இவ்வளவு ஒத்திருப்பதால் ஏதோ ஒரு துண்டை மட்டும் படித்து மூன்றையும் பிரிக்கப் பார்ப்பது சரிவராது. வேறுபாடு தெரியும் மரபணுவைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

ஒரே துண்டை நம்பும் பழக்கம், ஆடு மாடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயில் இன்னும் பெரிய பிழையாகும். அந்த வைரஸின் மரபணு 10 துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகைகள் ஒரே விலங்கிலோ, அதைக் கடிக்கும் சிறு கொசுவினப் பூச்சியிலோ சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். 2ஆம் துண்டைப் படித்தால் அது எத்தனையாம் வகை என்பது தெரியும், சரி. மற்ற ஒன்பது துண்டுகளும் எங்கிருந்து வந்தன என்பதை அது சொல்லாது.

காலிலும் வாயிலும் கொப்புளம் போடும் கால்வாய் நோயில் "ஓ வகை" என்று அறிக்கை வந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஏழு வகைகளில் ஒன்றின் தடுப்பூசி இன்னொன்றைத் தடுக்காது என்பது பலருக்குத் தெரியும். ஓ வகைக்குள்ளேயே கிளைகள் உண்டு, எல்லாக் கிளைக்கும் ஒரே தடுப்பூசி ஒரே அளவில் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீ.பி.1 என்ற மரபணுப் பகுதியைப் படித்தால் கிளையைக் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவும் நடப்பது, நோயுற்ற விலங்கில் எடுத்த மாதிரி ஆய்வுகூடத்துக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால்தான். கால்வாய் நோய் வைரஸ் புளிப்பில் சிதைந்துவிடும். ஆகவே புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோலை, புளிப்பேறாத தாங்கற் கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். மாங்குளத்து வெயிலில் வெறும் பொலித்தீன் பையில் கட்டி அனுப்பாதீர்கள். தோல்கழலை என்றால் தடுப்பூசி போட்ட திகதியையும் எழுதி அனுப்புங்கள். உயிருள்ள தடுப்பூசியின் வைரஸே மாதிரியில் அகப்பட்டால், திகதி தெரியாத ஆய்வாளர் அதைப் புதிய தொற்று என்று எண்ணிவிடக் கூடும்.