போனை அப்பா கையில் கொடுங்கள்: டயாலிசிஸ் தேர்வுக்கு ஆப் பயன்படுத்துவது எப்படி

எங்கள் ஊர் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். கொழிஞ்சாம்பாறையில் அக்ஷயா சென்டர் (கேரளத்தின் இ-சேவை மையம்) நடத்துகிறேன். நாள் முழுக்க மற்றவர்களுடைய ஃபாரத்தை நிரப்புவதுதான் என் வேலை. அதே பழக்கத்தில் அப்பாவுக்கும் நானே நிரப்பிவிட்டேன்.

அப்பாவுக்கு 66 வயது, தென்னை விவசாயி. சர்க்கரையால் கிட்னி கெட்டது. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். அளவு 14-க்கு இறங்கியதும் டாக்டர், "மெஷின் டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா என்று வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்று அனுப்பினார். மெஷின் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிவிடுவது. வயிறு என்றால் வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவோடு வெளியே எடுப்பது. இதைத் தேர்ந்தெடுக்க உதவும் ஒரு ஆப்பை அன்று ராத்திரியே இறக்கி எல்லாக் கேள்விக்கும் நானே பதில் தட்டினேன். ஆஸ்பத்திரி மெஷின் என்று வந்தது. நர்ஸ் பக்கத்தில் இருப்பார், பயமில்லை என்று எனக்கு நிம்மதி. காலையில் அப்பாவிடம் காட்டினேன். அவர் படிக்கவே இல்லை. "ஏங்கண்ணு, ஊசி எனக்குத்தான குத்துவாங்க? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தோம். உங்கள் வீட்டிலும் இந்த நிலை வந்திருந்தால், எப்படிச் செய்தால் பலன் இருக்கும் என்று சொல்கிறேன்.

முதலில், ஆப்பைச் செய்தது யார் என்று பாருங்கள். பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, நோயாளிகளுக்கான அமைப்பு என்றால் சரி. ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினினைக் குறைக்கும் கஷாயம் விற்கிற ஆப், எடுத்த எடுப்பில் ஆதார் நம்பர் கேட்கிற ஆப் என்றால் உடனே அழித்துவிடுங்கள். நல்ல ஆப் மெஷின், வயிறு இரண்டோடு நிற்காது. கிட்னி மாற்று சிகிச்சையையும், டயாலிசிஸ் இல்லாமல் மருந்தும் உணவும் கவனிப்புமாக இருக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லும். வயது மிக அதிகமானவர்களுக்கு அந்தக் கடைசி வழியும் யோசிக்க வேண்டிய ஒன்று.

இந்த ஆப்களில் கணக்குப் போடுபவை ஒரு வகை. கனடாவைச் சேர்ந்த டாக்டர் நவ்தீப் தங்க்ரியும் குழுவும் 2011-இல் வெளியிட்ட சூத்திரம் பல ஆப்களில் இருக்கிறது. வயது, ஆணா பெண்ணா, ஈ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்ற அளவு) ஆகிய நாலையும் போட்டால், 2 வருடத்திலும் 5 வருடத்திலும் கிட்னி முழுதாகச் செயலிழக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும். இதில் நான் ஒரு தப்பு செய்தேன். லேப் ரிப்போர்ட்டில் அளவு கிராமுக்கு மில்லிகிராமில் இருந்தது. ஆப்பில் மில்லிமோலுக்கு மில்லிகிராம் என்பது தேர்வாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட 9 மடங்கு வித்தியாசம். வந்த சதவீதத்தைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். அதனால் எண்ணைத் தட்டுவதற்கு முன் அளவைப் பாருங்கள், இந்தக் கணக்கை டாக்டர் எதிரிலேயே போடுங்கள்.

எமரி பல்கலைக்கழகத்தின் ஐசூஸ் கிட்னி, டயாலிசிஸையும் மாற்று கிட்னியையும் ஒப்பிட்டுக் காட்டும். ஆனால் அது அமெரிக்க நோயாளிகளின் விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வகைதான் எங்களுக்கு உதவியது. உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு, அதற்கு ஒவ்வொரு சிகிச்சையும் எப்படி ஒத்துவரும் என்று காட்டும். அமெரிக்காவில் மெடிக்கல் எஜுகேஷன் இன்ஸ்டிடியூட் செய்த 'மை லைஃப், மை டயாலிசிஸ் சாய்ஸ்' இந்த வகை. போன் பிரவுசரிலேயே திறக்கலாம். இங்கேதான் போன் நோயாளி கையில் இருக்க வேண்டும். ஆங்கிலம் என்பதால் நான் வாசித்துச் சொன்னேன், அப்பா விரலை வைத்தார். போனின் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பவில்லை. 'ஆக்சஸ்' என்பதை 'அணுகல்' என்று காட்டியது. ரத்தம் எடுக்கவும் திருப்பிவிடவும் கையில் செய்கிற ரத்தக்குழாய் இணைப்பான ஃபிஸ்டுலாவைத்தான் அங்கே சொல்கிறார்கள் என்று யாருக்குப் புரியும்?

ஒரே நாளில் முடிக்காதீர்கள். நாங்கள் மூன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டோம். 'உங்கள் நேரம் உங்கள் கையில் இருப்பது' என்ற வரி வந்ததும் அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மோட்டாருக்குக் கரண்ட் எப்ப வருதோ அப்ப நான் தோப்புல இருக்கோணும்" என்றார். மெஷின் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். பாலக்காடு போய்வரும் பஸ்ஸையும் சேர்த்தால் அந்த நாளே போச்சு. வயிற்று டயாலிசிஸ் என்றால் தினம் 3 அல்லது 4 தடவை திரவப் பை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி. வீட்டிலேயே முடியும், கரண்டும் வேண்டாம்.

அடுத்து, ஆப் ஒரு டிக்கில் கடந்துபோகிற கேள்விகளை வீட்டுக்குள் அளந்து பாருங்கள். 'பொருள் வைக்க இடம் உண்டா?' என்று கேட்டது. 2 லிட்டர் பை, தினம் 4 என்றால் மாதம் 120 பை. 240 கிலோ! அப்பா அதைத் தேங்காய் மூட்டைக் கணக்கில் யோசித்து, கிழக்கு அறையில் சுவரோரம் கயிறு பிடித்து அளந்தார். அந்த அறை ஜன்னலுக்கு வெளியே மாட்டுக்கொட்டகை. பை மாற்றும்போது ஜன்னலும் கதவும் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவ வேண்டும். கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். கொட்டகையை மாற்றாமல் அந்த அறை ஆகாது என்று அன்றே முடிவானது. வீட்டிலேயே மெஷின் வைப்பதையும் ஆப் காட்டியது. ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கேள்விக்கு அப்பா கேட்டது ஒன்றுதான்: "இளநி குடிக்கலாமா?" இளநீரில் பொட்டாசியம் அதிகம். வயிற்று டயாலிசிஸ் தினமும் நடப்பதால் பொதுவாகப் பொட்டாசியக் கட்டுப்பாடு கொஞ்சம் தளரும். ஆனாலும் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்னால்தான். பையில் உள்ள திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரை ஏறும் என்பதையும் மறக்காதீர்கள், சுகர்காரர்கள் மருந்தளவை மாற்ற வேண்டிவரலாம்.

பணத்தைப் பற்றி இந்த ஆப்களில் நமக்கு உதவும்படி எதுவும் இல்லை. எங்களைப் போல எல்லையில் இருப்பவர்கள் அதைத் தனியாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில் இருக்கும், ரேஷன் கார்டு கேரளத்தில் இருக்கும். தமிழ்நாட்டு முதல்வர் காப்பீடு தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்காரர்களுக்குத்தான். இந்தப் பக்கம் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா அட்டை. அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில், நீங்கள் நினைக்கும் டயாலிசிஸுக்கு உங்கள் அட்டை செல்லுமா என்று நேரில் கேளுங்கள். 2016-இல் அறிவித்த பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் ஏழைகளுக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் இலவசம் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

கடைசியாக, அப்பா விரல் வைத்த பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டாக்டரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு அப்பாவைப் படுக்கவைத்து, இருமச் சொல்லி, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பழைய குடலிறக்க ஆபரேஷன் தழும்பு. எங்கள் ஆப் அதைக் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. வயிற்றில் திரவம் நின்றால் அந்த இடம் மறுபடி பிதுங்கலாம், சர்ஜன் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். அதனால் பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்கிரீன்ஷாட்டோடு கொண்டுபோங்கள்.

முடிவு எதுவானாலும், எழுதாத கையின் ரத்தக்குழாயை ஊசி படாமல் காப்பாற்றி வையுங்கள். ஃபிஸ்டுலா முதிர்ந்து பயன்பாட்டுக்கு வர 6 வாரம் முதல் 3 மாதம் ஆகும், அதற்கு நல்ல ரத்தக்குழாய் வேண்டும். அப்பா வலக்கையில் அரிவாள் பிடிப்பவர். அதனால் லேபுக்குப் போனதும் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலக்கையை நீட்டுகிறார்.