திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் போவோருக்கு

பிள்ளைகளின் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறீர்கள் என்றால் திருகோணமலைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் காற்று எழும்பினாலும் மறுநாள் கையில் இருக்கும். நத்தார் லீவில் வருவோர் இதை நம்பி வரவேண்டாம், அது வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும்.

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து ஃபைபர் படகுகள் விடியலோடு புறப்படும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறுமென்பதால் பிந்தவேண்டாம். கூலி, நேரம், பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் சத்திதான்.

துறைமுக வாசலை ஒட்டியே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. அதனால்தான் திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட வருகின்றன. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றே சில நாட்களில் அவற்றின் மூச்சு நீர்த்தூவலாக எழுவதைக் காணலாம். நேராக, தென்னை உயரத்துக்கு எழுந்தால் நீலத் திமிங்கிலம். இடப்பக்கம் முன்னோக்கிச் சரிந்து, பதிவாக எழுந்தால் எண்ணெய்த் திமிங்கிலம். நீலம் வாலைத் தூக்கி அமிழ்ந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் திரும்பும். மற்றது முக்கால் மணி நேரமும் உள்ளே இருக்கும். இடையில் ஓங்கில் (டொல்பின்) கூட்டம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். உடம்பைப் பம்பரமாகச் சுழற்றிக்கொண்டு துள்ளும் இனம் இங்கே நிறைய.

எங்கள் முதற் பயணத்தில் ஐந்து படகுகள் ஒரே திமிங்கிலத்தைத் துரத்தின. அது அமிழ்ந்தது, பிறகு தலைகாட்டவேயில்லை. "பாவம், மூச்சுவிட வந்ததை விரட்டிப்போட்டமே" என்று அம்மா கலங்கினார். மறுநாள் வேறொரு படகுக்காரத் தம்பியிடம், "கிட்டப் போகவேண்டாம், தூரத்தில எஞ்சினை நிப்பாட்டுவம்" என்றோம். அவருக்கும் அதுதான் விருப்பமாம், வருகிறவர்கள்தான் கிட்டப் போகச் சொல்லி நெருக்குகிறார்கள் என்றார். எஞ்சின் நின்ற அமைதியில் அந்த மூச்சின் ஓசை கேட்டது. அம்மா கும்பிட்டார். தமிழில் பேசமுடிகிற நீங்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: நூறு மீற்றர் இடைவெளி, துரத்தல் கூடாது.

எதுவுமே காணாத நாளும் உண்டு. அப்படியானால் மறுநாள் காலையில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போங்கள். கண்ணாடி மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே பவளப்பாறையும் நிற நிறமான மீன்களும் தெரியும், குட்டிச் சுறாக்களும் வரும். பவளத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள்.